கலீபா மஃமூன்: அறிவும் அதிகாரமும்

ஹிஜ்ரி 170ஆம் ஆண்டு, ரபீஉனில் அவ்வல் மாதத்தின் ஓர் இரவு. அந்த ஒரே இரவில் ஒரு கலீபா மரணித்தார். ஒரு கலீபா பதவியேற்றார். ஒரு கலீபா பிறந்தார். மரணித்தவர் ஹாதி. பதவியேற்றவர் அவருடைய தம்பி ஹாரூன் அர்ரஷீத். பிறந்தவர் ஹாரூனின் மகன் அப்துல்லாஹ். பிற்காலத்தில் மஃமூன் என்ற பட்டப் பெயரோடு இருபது வருடங்கள் ஆட்சி செய்தவர் இவர்தான். கி.பி. 786 செப்டெம்பரில் நிகழ்ந்த இந்தச் சம்பவத்தை அரபு வரலாற்றாசிரியர்கள் வியந்து வியந்து எழுதியிருக்கிறார்கள்.

உயர்தர வகுப்பில் இஸ்லாமிய நாகரிகம் கற்கும் எனக்கு மஃமூன் என்றால் பைத்துல் ஹிக்மா. வினாத்தாளில் அறிவியல் வளர்ச்சி பற்றிய கேள்வி வந்தால் அவர் பெயர் இல்லாமல் விடை எழுத முடியாது. சிறு வயதில் மத்ரஸாவில் ஓதிய காலத்தில் நான் வேறொரு கதையும் கேட்டிருக்கிறேன். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (றஹ்) அவர்களை ஒரு கலீபா விலங்கிட்டு இழுத்துவரச் செய்தார் என்பது அந்தக் கதை. வகுப்பறையில் ஒரு கதை, மத்ரஸாவில் ஒரு கதை. இரண்டிலும் வருபவர் ஒரே மனிதர். ஆனால் இரண்டையும் சேர்த்துச் சொல்லி நான் எங்கும் கேட்டதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மஃமூனின் தாயார் மராஜில், பாரசீகத்தைச் சேர்ந்த ஓர் அடிமைப் பெண். பிள்ளைப்பேற்றை ஒட்டியே அவர் இறந்துவிட்டார். ஏழு மாதங்களுக்குள் ஹாரூனுக்கு இன்னொரு மகன் பிறந்தார். அவர்தான் அமீன். அவருடைய தாய் ஸுபைதா. ஹஜ்ஜாஜிகளுக்காக மக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவந்த அதே ஸுபைதா நாயகிதான். அவர் கலீபா மன்ஸூரின் பேத்தி. ஆகவே மூத்தவர் தாயில்லாத பிள்ளை, அடிமையின் மகன். இளையவர் இரு பக்கமும் அரச இரத்தம். அரண்மனையில் யாருக்கு எந்த இடம் என்பது தொட்டிலிலேயே முடிவாகிவிட்டது.

படிப்பில் மட்டும் அந்த முடிவு செல்லுபடியாகவில்லை. இலக்கண மேதை கிஸாஈ போன்ற பெரும் ஆசான்கள் இளவரசர்களுக்குக் கற்பித்தார்கள். குர்ஆன், ஹதீஸ், பிக்ஹு, அரபு இலக்கணம் என எல்லாவற்றிலும் மஃமூன் ஆழமாக ஊறினார். சட்டப் பிரச்சினைகளில் விவாதிக்கக்கூடிய அளவுக்கு அவருக்கு அறிவு இருந்தது. அப்பாஸியக் கலீபாக்களில் இவரளவு கற்றவர் இல்லை என்று பலர் எழுதியுள்ளனர்.

ஹாரூன் தம் பிள்ளைகளை அறிந்தவர். தமக்குப் பின் அமீன், அமீனுக்குப் பின் மஃமூன் என்று முடிவு செய்து, 802ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குச் சென்றபோது இருவரிடமும் சத்தியம் வாங்கினார். அந்த உடன்படிக்கைப் பத்திரங்கள் கஃபாவிலேயே தொங்கவிடப்பட்டன. குராஸான் மாகாணம் மஃமூனுக்கு; அதில் அமீன் கை வைக்கக் கூடாது. இறையில்லத்தின் நிழலில் செய்த சத்தியத்தை யார் முறிப்பார் என்று அந்தத் தந்தை நினைத்திருக்கலாம். பிள்ளைகளை அறிந்திருந்த அவர், அதிகாரம் பிள்ளைகளை என்ன செய்யும் என்பதையும் அறிந்திருந்ததால்தான் இத்தனை பூட்டுப் போட்டார் என்று எனக்குப் படுகிறது.

809இல் ஹாரூன் தூஸ் நகரில் மௌத்தானார். இரண்டு வருடங்கள்கூடத் தாங்கவில்லை. அமைச்சர் பழ்ல் இப்னு ரபீஃயின் தூண்டுதலால் அமீன் தம் சிறுமகன் மூஸாவின் பெயரைக் குத்பாவில் சேர்த்தார். பின்னர் மஃமூனை வாரிசுரிமையிலிருந்து நீக்கினார். கஃபாவில் இருந்த பத்திரங்கள் வரவழைக்கப்பட்டுக் கிழிக்கப்பட்டன. 811இல் அலீ இப்னு ஈஸாவின் தலைமையில் பெரும்படை ஒன்று கிழக்கே புறப்பட்டது. மஃமூனைக் கட்டிக்கொண்டு வருவதற்காக ஸுபைதா அந்தத் தளபதியிடம் ஒரு வெள்ளி விலங்கைக் கொடுத்தனுப்பினார் என்று சொல்லப்படுகிறது. இரும்பால் பூட்டினால் இளவரசனுக்கு அவமானமாம்! தாயில்லாப் பிள்ளைக்கு மாற்றாந்தாய் காட்டிய மரியாதை அது.

அந்த விலங்குக்கு வேலை வரவில்லை. ரை நகருக்கருகே தாஹிர் இப்னு ஹுஸைன் சிறிய படையோடு நின்று அந்தப் பெரும்படையைச் சிதறடித்தார். அலீ இப்னு ஈஸா கொல்லப்பட்டார். அடுத்த வருடம் தாஹிரின் படையும் ஹர்ஸமா என்ற தளபதியின் படையும் பக்தாதைச் சூழ்ந்துகொண்டன. முற்றுகை ஒரு வருடத்துக்கும் மேல் நீடித்தது. கல்லெறி இயந்திரங்கள் வீடுகளையும் கடைகளையும் நொறுக்கின. கவசமும் வாளும் இல்லாத ஏழைகள் பாயையும் தடியையும் கொண்டு தெருத்தெருவாகப் போரிட்டார்கள். உலகின் மிக அழகிய நகரம் என்று பெயரெடுத்த பக்தாத் இரண்டு சகோதரர்களுக்காகச் சிதைந்தது. யுத்தம் பார்த்த நாட்டில் பிறந்த நமக்கு அந்தத் தெருக்களைக் கற்பனை செய்வது சிரமமில்லை.

813 செப்டெம்பரில் அமீன் படகில் தப்ப முயன்றார். தஜ்லா நதியில் படகு கவிழ்ந்தது. நீந்திக் கரையேறியவரைப் பிடித்து, அன்றிரவே தாஹிரின் ஆட்கள் கொன்றார்கள். அவருடைய தலை குராஸானில் இருந்த மஃமூனுக்கு அனுப்பப்பட்டது. தம்பியைக் கொல்லுமாறு மஃமூன் கட்டளையிட்டதாக உறுதியான சான்று கிடையாது. ஆனால் தாஹிரை அவர் தண்டிக்கவும் இல்லை. சில வருடங்களில் குராஸான் முழுவதையும் ஆளும் பதவி தாஹிருக்கே கிடைத்தது. முதல் சத்தியத்தை முறித்தவர் அமீன் என்பது உண்மை. ஆனாலும் ஏழு மாத இடைவெளியில் பிறந்து ஒரே ஆசானிடம் படித்த தம்பியின் தலை முன்னால் வைக்கப்பட்டபோது ஏதோ ஒன்று அந்த மனிதருக்குள் செத்திருக்க வேண்டும் என்றே நான் எண்ணுகிறேன்.

கலீபாவான பின்பும் மஃமூன் பக்தாதுக்கு வரவில்லை. சில வருடங்கள் தொலைதூர மர்வ் நகரிலேயே தங்கிவிட்டார். எல்லாவற்றையும் அமைச்சர் பழ்ல் இப்னு ஸஹ்ல் பார்த்துக்கொண்டார். (அமீனின் அமைச்சரும் பழ்ல், மஃமூனின் அமைச்சரும் பழ்ல். பரீட்சைக்குப் படிக்கும் தோழியருக்கு இது ஒரு தலைவலி.) ஈராக்கில் கிளர்ச்சிகள் வெடித்தன. அந்தச் செய்திகள் கலீபாவின் காதுக்குப் போகாமல் அமைச்சர் பார்த்துக்கொண்டார். வெற்றித் தளபதிகளில் ஒருவரான ஹர்ஸமா, நேரில் போய் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று மர்வுக்குப் பயணமானார். அமைச்சர் முந்திக்கொண்டு கோள் மூட்டிவிட்டார். ஹர்ஸமாவின் விளக்கத்தை மஃமூன் கேட்கவே இல்லை. அந்த முதிய தளபதி அடித்து உதைக்கப்பட்டுச் சிறையிலடைக்கப்பட்டார்; அங்கேயே கொல்லப்பட்டார். இது நடந்தது 816இல்.

இந்தச் சம்பவம் பாடநூல்களில் வருவது அரிது. எனக்கோ மஃமூனின் வாழ்க்கையைத் திறக்கும் சாவி இதுதான் என்று தோன்றுகிறது. அவர் அப்போது கொடியவராக இருக்கவில்லை. நாளாந்தம் அறிஞர்களோடு அமர்ந்திருந்தவர்தான். ஆனால் உண்மையைச் சொல்ல வந்தவர் அவருடைய வீட்டு வாசலிலேயே இறந்துபோனார். சிம்மாசனம் உயர உயரக் கீழே நடப்பது தெரிவதில்லை, தெரிந்தவர்கள் சொல்வதுமில்லை.

817இல் மஃமூன் யாரும் எதிர்பாராத ஒரு காரியம் செய்தார். நபி (ஸல்) அவர்களின் வழித்தோன்றலான இமாம் அலீ ரிழா (றழி) அவர்களைத் தம் வாரிசாக அறிவித்தார். அப்பாஸியரின் கறுப்பு நிறத்தை விட்டுப் பச்சை நிறத்துக்கு மாறினார். மனப்பூர்வமாகச் செய்தாரா, அரசியலுக்காகச் செய்தாரா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். பக்தாதில் இருந்த அப்பாஸியர்கள் கொதித்தெழுந்து, மஃமூனின் சிறிய தந்தையான இப்ராஹீம் இப்னு மஹ்தியைக் கலீபாவாக்கினார்கள். அதையும் அமைச்சர் மறைத்தார். கடைசியில் உண்மை நிலையை மஃமூனுக்கு எடுத்துச் சொன்னவர் இமாம் அலீ ரிழாதான். தம் பதவியே பிரச்சினைக்குக் காரணம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

மஃமூன் மேற்கே புறப்பட்டார். வழியில், 818இல், ஸரக்ஸ் நகரின் குளியலறையில் அமைச்சர் பழ்ல் கொல்லப்பட்டார். பிடிபட்ட கொலையாளிகள் தாம் கலீபாவின் கட்டளையையே நிறைவேற்றியதாகச் சொன்னார்கள் என்று தபரீயின் வரலாற்றில் இருக்கிறது. அவர்கள் சிரச்சேதம் செய்யப்பட்டார்கள். சில மாதங்களில் தூஸில் இமாம் அலீ ரிழாவும் திடீரென இறந்தார்கள். நஞ்சூட்டப்பட்டார் என்பது ஷீஆக்களின் உறுதியான நம்பிக்கை. ஏனையோரிடம் வேறு கருத்துகள் உண்டு. ஹாரூனின் கப்ரின் அருகில் அவர்கள் அடக்கப்பட்டார்கள். இன்றைய மஷ்ஹத் நகரம் அந்தக் கப்ரைச் சுற்றி எழுந்ததே. 819இல் மஃமூன் பக்தாதுக்குள் நுழைந்தார். சில நாட்களில் பச்சை போய் மீண்டும் கறுப்பு வந்தது. இரண்டு மரணங்களும் அவருக்குப் பாதையை எளிதாக்கின என்பது மட்டும் நிச்சயம்.

இனி நாம் விரும்பிப் படிக்கும் மஃமூன் வருகிறார். அவரைக் குறைத்து எழுத எனக்கு மனமில்லை; அது அநீதியும்கூட. கிரேக்க நூல்கள் தேடிக் கொண்டுவரப்பட்டன. ஹுனைன் இப்னு இஸ்ஹாக் போன்ற கிறிஸ்தவ அறிஞர்களும் அந்தச் சகாப்தத்தில் மொழிபெயர்ப்பில் ஈடுபட்டார்கள். குவாரிஸ்மி தம் அல்ஜப்ர் நூலின் முன்னுரையில் மஃமூன் தந்த ஊக்கத்தைக் குறிப்பிட்டிருக்கிறார். நாம் வகுப்பில் தீர்க்கும் சமன்பாடுகளுக்குத் தாய்நூல் அதுதான். பக்தாதின் ஷம்மாஸிய்யாவிலும் திமிஷ்கின் காஸியூன் மலையிலும் வானாராய்ச்சிகள் நடந்தன. ஸின்ஜார் சமவெளிக்கு ஒரு குழுவை அனுப்பிப் பூமியை அளக்கச் செய்தார். துருவ நட்சத்திரத்தின் உயரம் ஒரு பாகை மாறும் வரை அவர்கள் கயிறு பிடித்து நேராக நடந்தார்கள். ஒரு பாகைக்கு ஏறக்குறைய 56⅔ அரபு மைல் என்று கணக்கிட்டார்கள். கயிறும் முளைக்குச்சியும் கொண்டு பூமியின் சுற்றளவைக் கண்ட மனிதர்கள்! செவ்வாய்க்கிழமைகளில் அவருடைய சபையில் விவாதம் நடக்கும். யாரும் தம் கருத்தைச் சொல்லலாம்.

மன்னிப்பிலும் அவர் பெயர் பெற்றவர். சண்டையை மூட்டிய பழ்ல் இப்னு ரபீஃயை மன்னித்தார். ஒளிந்து திரிந்து, பெண் வேடத்தில் பிடிபட்ட சிறிய தந்தை இப்ராஹீமையும் மன்னித்தார். மகனை இழந்த ஸுபைதாவையும் கண்ணியமாகவே நடத்தினார். 825இல் பூரான் நாயகியோடு நடந்த அவருடைய திருமணத்தில் ஸுபைதாவும் கலந்துகொண்டார்.

இப்படிப்பட்டவர் எப்படி மாறினார்?

முஃதஸிலாக்கள் என்போர் பகுத்தறிவு வாதத்தில் வல்லவர்கள். குர்ஆன் படைக்கப்பட்டது என்பது அவர்களின் கொள்கைகளில் ஒன்று. அல்லாஹ்வின் பேச்சு படைக்கப்பட்டதன்று என்பதே ஹதீஸ் கலை அறிஞர்களின் உறுதியான நிலை. மஃமூன் முஃதஸிலாக்களின் பக்கம் சாய்ந்தார். 827இல் அதைப் பகிரங்கமாக அறிவித்தார். அதோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு கருத்து வேறுபாடாகவே இருந்திருக்கும். செவ்வாய்க்கிழமைச் சபையில் பேசித் தீர்த்திருக்கலாம். ஆனால் ஆறு வருடங்களாக மக்கள் மாறவில்லை. ஆலிம்களும் மாறவில்லை. மக்கள் கலீபாவைவிடப் பள்ளிவாசலில் அமர்ந்து ஹதீஸ் சொல்லும் ஓர் ஏழை ஆலிமையே மார்க்கத்தில் நம்பினார்கள். இருபது வருடங்களாக மறுப்பே கேளாத ஒருவருக்கு அது தாங்கவில்லை என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்தின் ஓர் அடையாளம் பைத்துல் முகத்தஸில் இன்றும் இருக்கிறது. குப்பத்துஸ் ஸஹ்ராவைக் கட்டியவர் உமையாக் கலீபா அப்துல் மலிக். மஃமூனின் காலத்தில் நடந்த திருத்த வேலையின்போது கல்வெட்டிலிருந்து அப்துல் மலிக்கின் பெயர் எடுக்கப்பட்டு மஃமூனின் பெயர் பதிக்கப்பட்டது. ஆனால் ஹிஜ்ரி 72 என்ற ஆண்டை மாற்ற மறந்துவிட்டார்கள். மஃமூன் பிறப்பதற்கு ஏறக்குறைய நூறு வருடங்களுக்கு முந்திய ஆண்டு அது!

833இல் ரோமருக்கு எதிரான படையெடுப்புக் காலத்தில், மஃமூன் பக்தாத் ஆளுநர் இஸ்ஹாக் இப்னு இப்ராஹீமுக்குக் கடிதம் எழுதினார். காழிகளையும் ஆலிம்களையும் அழைத்து, குர்ஆன் படைக்கப்பட்டதா என்று விசாரிக்க வேண்டும். ஒப்புக்கொள்ளாதவரின் சாட்சியம் செல்லாது, பதவியும் இல்லை. வரலாறு இதை மிஹ்னா, அதாவது சோதனை, என்று அழைக்கிறது. முதலில் இப்னு ஸஃது, யஹ்யா இப்னு மஈன் உட்பட ஏழு பெரும் அறிஞர்கள் கலீபாவிடமே அனுப்பப்பட்டார்கள். அச்சத்தில் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வாளின் கீழ் நின்றவர்கள் அவர்கள்.

பின்னர் பக்தாதில் மற்ற ஆலிம்கள் விசாரிக்கப்பட்டார்கள். பலர் வழுக்கலாகப் பதில் சொன்னார்கள். அந்தப் பதில்களுக்கு மஃமூன் எழுதிய மறுமொழியின் விபரம் தபரீயில் இருக்கிறது. அதில் அறிவு வாதம் குறைவு. ஒவ்வோர் ஆலிமின் பெயரையும் சொல்லி, அவரவர் சொந்த வாழ்க்கைக் குறைகளைத் தோண்டி இழிவுபடுத்துகிறார். இருவரைக் குறிப்பிட்டு, திருந்தாவிட்டால் தலையை வெட்டுமாறு எழுதுகிறார். அந்த இருவரில் ஒருவர் யார் தெரியுமா? ஒரு காலத்தில் அவர் மன்னித்த அதே சிறிய தந்தை இப்ராஹீம். அரியணையையே அபகரித்தபோது கிடைத்த மன்னிப்பு, ஒரு கேள்விக்கு மாற்றுப் பதில் சொன்னபோது கிடைக்கவில்லை.

இதைப் படித்தபோது அவருடைய பழைய மன்னிப்புகளும் எனக்கு வேறு விதமாகத் தெரிந்தன. அவர் மன்னித்தவர்கள் எல்லோரும் தோற்றுப்போய்த் தலைகுனிந்து வந்தவர்கள். அவர்களை மன்னிப்பதால் கலீபாவின் கை இன்னும் உயர்ந்ததே தவிரத் தாழவில்லை. தலைகுனியாத ஒருவரை அவர் அதுவரை சந்திக்கவே இல்லை போலும். எங்கள் கல்லூரி விவாதப் போட்டிகளில் தோற்ற அணியும் வென்ற அணியும் ஒரே மேசையில் இருந்து தேநீர் குடிக்கும். வாதத்தில் வென்றவரின் கையில் விலங்கும் இருந்தால் அது விவாதம் அன்று.

கடைசியில் நால்வர் மட்டுமே அசையவில்லை. விலங்கிட்டதும் அவர்களில் இருவர் ஒருவர்பின் ஒருவராக ஒப்புக்கொண்டார்கள். எஞ்சியவர்கள் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பலும் இளைஞரான முஹம்மத் இப்னு நூஹும். இருவரையும் ஒரே வாகனத்தில் இரும்பு விலங்குகளோடு தர்ஸூஸை நோக்கி, கலீபாவிடம் அனுப்பினார்கள். மஃமூனைச் சந்திக்காமல் காக்கும்படி இமாம் அவர்கள் வழியில் துஆக் கேட்டதாகச் சொல்லப்படுகிறது.

அந்த நேரம் மஃமூன் தர்ஸூஸுக்கு வடக்கே புதன்தூன் என்ற ஓடைக் கரையில் முகாமிட்டிருந்தார். ஓகஸ்ட் மாதக் கடும் வெயில்; பனிபோல் குளிர்ந்த நீர். கால்களை நீரில் விட்டபடி, இந்தத் தண்ணீரோடு எந்த உணவு பொருந்தும் என்று தோழர்களோடு பேசிக்கொண்டிருந்தார். பேரீச்சம்பழம் என்று அவரே முடிவு செய்தார். அப்போதே அஞ்சல் கோவேறு கழுதைகளில் ஈராக்கின் புதிய பேரீச்சம்பழங்கள் வந்து இறங்கினவாம். உண்டு, நீர் அருந்தி எழுந்தவரைக் காய்ச்சல் பிடித்தது. அதிலிருந்து அவர் மீளவில்லை. 47 வயதுகூட நிறையவில்லை. தர்ஸூஸில் அடக்கப்பட்டார்.

மரணப் படுக்கையில் தம் சகோதரர் முஃதஸிமைத் தமக்குப் பின் கலீபாவாக நியமித்து, வஸிய்யத்தும் செய்தார். குர்ஆன் விடயத்தில் தாம் தொடங்கியதைத் தொடர வேண்டும் என்பதும் அதில் ஒன்று.

மௌத்துச் செய்தி கேட்டதும் கைதிகள் இருவரும் பக்தாதுக்குத் திருப்பியனுப்பப்பட்டார்கள். ஆனா என்ற ஊரில் முஹம்மத் இப்னு நூஹ் வழியிலேயே இறந்தார். அவருக்கு இமாம் அஹ்மத் ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். பின்னர் தனியாக, விலங்குகளோடு பயணத்தைத் தொடர்ந்தார்கள். இரண்டு வருடங்களுக்கு மேல் சிறை. முஃதஸிமின் முன்னிலையில் கசையடி. முஃதஸிம் படிப்பில் நாட்டமில்லாத போர்வீரர். இந்த விவாதத்தின் நுட்பம் அவருக்குப் புரிந்திருக்குமா என்பதே சந்தேகம். அண்ணனின் வஸிய்யத்தை நிறைவேற்றினார். அடுத்து வந்த வாஸிக்கும் தொடர்ந்தார். முதவக்கில் காலத்தில்தான் அது நின்றது.

இமாம் அஹ்மத் (றஹ்) 855இல் பக்தாதில் வபாத்தானார்கள். ஜனாஸாவுக்கு நகரமே திரண்டது. தம்மை அடித்த முஃதஸிமை அவர்கள் மன்னித்துவிட்டிருந்தார்கள் என்று அவர்களின் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர்.